டிஸ்டோபியா நாவலை எந்தக் கோட்பாட்டோடு வாசிப்பது? மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

“சேர், ‘1984’ நாவலை எடுத்திருக்கிறேன். ஃபூக்கோவை வைத்து எழுதவா, சுபோஃபை வைத்து எழுதவா?” இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து வெளிவாரிப் பட்டம் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வாசகர் வட்டத்தில் டிஸ்டோபியா நாவல், அதாவது கொடிய ஆட்சி நடக்கும் கற்பனை உலகைச் சொல்லும் நாவல், எதையாவது பேச எடுத்தாலும் இதே இடத்தில்தான் பேச்சு சிக்கிக்கொள்கிறது. ஒருவர் கண்காணிப்புக் கோபுரம் என்பார், இன்னொருவர் பேஸ்புக் என்பார், மூன்றாமவர் எல்லாம் முதலாளித்துவம் என்று முடித்துவிடுவார். அதற்குள் தேநீர் வந்துவிடும்.

கேட்பவர்களில் பலர் எந்தக் கோட்பாட்டாளர் பெரியவர் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசைப்படுகிறார்கள். அது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒவ்வொரு கோட்பாடும் அதிகாரத்தை ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கிறது. ஒன்று கண்ணில் வைக்கிறது, ஒன்று கடனில், ஒன்று சம்மதத்தில், ஒன்று அடையாளப் பத்திரத்தில். நாவலாசிரியரும் அப்படி ஓர் இடத்தில்தான் வைத்திருப்பார். அந்த இரண்டு இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது தெரிவின் பாதி வேலை. மற்றப் பாதி, நாம் எங்கிருந்து வாசிக்கிறோம் என்பது. பெரட்டுக்களமும் (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம்) செக்ரோலும் (வருகைப் பதிவேடு) துரை பங்களாவும் (தோட்ட அதிகாரியின் வீடு) தெரிந்த ஒருவருக்குக் கண்காணிப்பைப் பற்றி பாரிஸில் இருந்து எழுதியவருக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியும். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நாவலுக்குள் போக வேண்டியதில்லை.

## எதை வைத்து அளப்பது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

1. இந்த நாவலில் அதிகாரம் எந்த வழியாக ஓடுகிறதோ, அந்த வழி இந்தக் கோட்பாட்டின் கண்ணில் படுகிறதா?
2. பார்க்கப்படுகிறவருக்கு மனம், வாய், தந்திரம் என்று ஏதாவது மிஞ்சுகிறதா? இல்லை அவர் வெறும் பொம்மையா?
3. வாசிப்புச் சுமை எவ்வளவு? அதற்கு முன் வேறு எதையெல்லாம் படித்திருக்க வேண்டும்?
4. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கண்காணிப்பு வரலாற்றின் மேல், அதாவது தோட்டத்தின் மேல், வைத்துப் பார்த்தால் அது நிற்கிறதா?

நான்காவதுக்கு நான் கூடுதல் எடை கொடுப்பவன். பரீட்சைக்காக மட்டும் எழுதுகிறவருக்கு மூன்றாவதுதான் முக்கியமாக இருக்கும். அதில் தப்பில்லை.

## ஃபூக்கோ: கோபுரத்தை விட்டு அதற்கு முந்தைய அத்தியாயம்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ சிறையைப் பற்றி எழுதிய பெரிய நூல் 1975இல் வந்தது. அதிலிருந்து எல்லோரும் எடுப்பது ஒரே படம். ஜெரமி பெந்தம் வரைந்த வட்டச் சிறை, நடுவில் ஒரு கோபுரம். கைதிக்குக் கோபுரம் தெரியும், அதற்குள் ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது. அதனால் யாரும் பார்க்காத நேரத்திலும் பார்க்கப்படுவதுபோல நடந்துகொள்வான். ஜோர்ஜ் ஓர்வெலின் நாவலில் வீட்டுச் சுவரில் இருக்கும் தொலைத்திரையும் இதையேதான் செய்கிறது. எந்த நிமிடம் கண் திறந்திருக்கிறது என்று நாவலின் நாயகன் வின்ஸ்டனுக்குத் தெரியாது. பொருத்தம் கச்சிதம். கச்சிதம் என்பதுதான் சிக்கல். திருத்துகிறவர் இந்தப் பந்தியை எத்தனையோ விடைத்தாளில் வாசித்திருப்பார்.

கோபுரத்தைத்தான் எடுப்பேன் என்று நின்றால், அதன் பிறந்த கதையையும் சேர்த்து எடுங்கள். அந்த எண்ணம் சிறையில் முளைக்கவில்லை. 1780களில் பெந்தமின் தம்பி சாமுவேல், ரஷ்யப் பிரபு பொட்டெம்கினின் கிரிச்சேவ் பண்ணையில் வேலைத்தலங்களை நடத்திக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத தொழிலாளரை ஒரே இடத்திலிருந்து மேய்ப்பது எப்படி என்று அவர் போட்ட திட்டம் அது. அங்கே போயிருந்த அண்ணன் 1787இல் அதைக் கடிதங்களாக எழுதினார், 1791இல் அச்சில் வந்தது. பண்ணை வேலையை மேற்பார்க்கத்தான் முதலில் கோபுரம் வந்தது, கைதி பிறகுதான் வந்தான். மேட்டில் பங்களா, கீழே பெரட்டுக்களம், அதற்கும் கீழே வரிசையாகத் தொழிலாளர் வீடுகளான லயம் என்று பார்த்து வளர்ந்தவருக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆனால் என் தெரிவு கோபுர அத்தியாயத்துக்கு முன்னால் இருக்கும் பகுதி. மேலிருந்து பார்த்தல், ஓர் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லல், பரீட்சித்துப் பதிந்து வைத்தல் என்று ஒழுங்குபடுத்தலின் கருவிகளை ஃபூக்கோ அங்கே பிரித்துக் காட்டுகிறார். ‘1984’இல் காலை உடற்பயிற்சிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் நிற்கும் பெண் எல்லோருக்கும் பொதுவாக எண்ணிக்கொண்டே போகிறாள். திடீரென்று “6079 ஸ்மித்” என்று வின்ஸ்டனின் எண்ணைச் சொல்லிக் கத்தி, இன்னும் நன்றாகக் குனியச் சொல்கிறாள். அவனும் குனிகிறான், பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கால் விரலைத் தொட்டுவிடுகிறான். பார்வை, எண், அளவு, திருத்தம், எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன. கோபுரப் பந்தியை விட இந்தக் காட்சியை வைத்து எழுதினால் கட்டுரை தனித்துத் தெரியும்.

தோட்டத்திலும் ஒவ்வொரு தேயிலைச் செடிக்குப் பின்னாலும் ஆள் நிற்பதில்லை. கொழுந்து தராசுக்கு வரும். கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்த பிறகு மிஞ்சும் கிலோவைக் கணக்கப்பிள்ளை எழுதுவார். வைத்த அளவுக்குக் குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். நாள் முழுக்கக் கை ஓடியதற்குக் காரணம் அந்தத் தராசு. ஃபூக்கோ ‘அளவை வைத்துத் தீர்ப்பு’ என்று சொல்வதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

யெவ்கேனி ஸமியாத்தினின் ‘நாம்’ நாவலுக்கும் இதே பகுதிதான் கை கொடுக்கும். கண்ணாடி வீடுகள், பெயருக்குப் பதில் டி-503 போன்ற எண்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் கரண்டி பிடிக்க வைக்கும் மணி அட்டவணை. ஸமியாத்தின் கப்பல் பொறியியலாளர். 1916, 17 காலத்தில் வடகிழக்கு இங்கிலாந்தில் பனியுடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை செய்தவர். வேலையை நொடிக்கணக்கில் பிரிக்கச் சொன்ன அமெரிக்கர் டெய்லர் அந்த நாவலில் ஏறக்குறைய கடவுள். தொழிற்சாலை நேரம்தான் அந்த நாட்டின் சட்டம்.

மறைமுகச் செலவு என்ன? ஃபூக்கோவைப் படித்த சூட்டில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் எல்லாமே கோபுரமாகத் தெரியத் தொடங்கிவிடும். இன்னொன்று இதைவிடப் பெரியது. உடலை வதைக்கும் தண்டனை பின்வாங்கி, ஓசையில்லாத ஒழுங்கு அந்த இடத்துக்கு வந்தது என்பது அவர் சொல்லும் வரலாறு. தோட்டத்தில் அப்படி ஒன்று போய் ஒன்று வரவில்லை. செக்ரோலும், ஆட்களை மேய்க்கும் கங்காணியின் தடியும் ஒரே காலையில் ஒரே களத்தில் நின்றன. ‘1984’இன் மூன்றாம் பாகத்திலும் இதே பிரச்சினை. சித்திரவதை அறைக்குள் போனதும் கோபுர வாதம் மூச்சுத் திணறும். ஃபூக்கோவை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள் அந்தப் பாகத்தை இரண்டு வரியில் கடந்துபோவது இதனால்தான்.

## டெலூஸ்: சில பக்கம், ஆனால் கடன் கணக்கு உதைக்கிறது

ஜில் டெலூஸ் 1990இல் எழுதிய சின்னக் கட்டுரை இது. பஸ்ஸில் ஹட்டனிலிருந்து நுவரெலியா போவதற்குள் வாசித்துவிடலாம். விளங்குமா என்பது வேறு. ஃபூக்கோ சொன்ன மூடிய இடங்களின் காலம், அதாவது பள்ளி, படைமுகாம், தொழிற்சாலை, சிறை என்ற காலம், முடிந்துகொண்டிருக்கிறது என்கிறார். இனி சுவர் தேவையில்லை. கடவுச்சொல் போதும். கதவு உங்களுக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்காமலும் போகலாம். அடைபட்ட மனிதனின் இடத்துக்குக் கடன்பட்ட மனிதன் வந்துவிட்டான் என்பது அவருடைய முக்கியமான வாக்கு.

மார்கரெட் அட்வுட்டின் ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ வந்தது 1985இல், டெலூஸுக்கு முன்னால். அதில் ஒரு நாள் கதைசொல்லி கடையில் சிகரெட் வாங்கப் போகிறாள். அட்டை வேலை செய்யவில்லை. பெண்களின் வங்கிக் கணக்குகள் எல்லாம் அன்றைக்கே முடக்கப்பட்டிருக்கின்றன, வேலையும் அன்றைக்கே போகிறது. யாரும் சுவர் கட்டவில்லை, ஒரு தரவுத்தளத்தில் ஒரு எழுத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். இந்தக் காட்சியை ஃபூக்கோவை வைத்து விளக்க முயல்வது வீண் சிரமம். டெலூஸுக்கு இது அல்வா.

ஆனால் தோட்டம் என்ற நம் உரைகல்லில் அவர் தேய்கிறார். உலகில் முக்கால்வாசிப் பேர் கடன்படக்கூட முடியாத ஏழைகள், அடைத்து வைக்க முடியாத அளவு பெருந்தொகையினர் என்று அதே கட்டுரையில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். மலையகத்தின் துண்டு முறை தெரிந்தவர் இந்த இடத்தில் நிறுத்தி வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும்போதே வழிச்செலவு முன்பணமாகி, பெரிய கங்காணியிடம் கடனாக நின்றது. இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் அங்கேயும் கூடவே வரும். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. ஏழை கடன்பட முடியாதவன் இல்லை, கடன் வைத்துத்தான் ஏழை கட்டப்பட்டான். அதுவும் லயத்தில் அடைபட்டபடியே. டெலூஸ் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் இரண்டு காலமும் இங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரே கூரையின் கீழ் இருந்தன.

இது டெலூஸைத் தூக்கி எறியக் காரணமில்லை. பட்டப்படிப்புக் கட்டுரைக்கு இதுவே நல்ல வாதம்: நாவலில் பழைய சுவரும் புதிய கடவுச்சொல்லும் சேர்ந்து நிற்கும் இடங்களைத் தேடுங்கள். அட்வுட்டில் நிறையக் கிடைக்கும். செலவு ஒன்றுதான். ஃபூக்கோவைத் தெரியாமல் டெலூஸை வாசித்தால் சுலோகம் மட்டுமே மிஞ்சும்.

## சுபோஃப்: கம்பனி தெரியும், அரசு மங்கும்

ஷோஷானா சுபோஃபின் கண்காணிப்பு முதலாளித்துவம் பற்றிய நூல் ஆங்கிலத்தில் 2019இல் பரவலாகப் பேசப்பட்டது. ஏறக்குறைய 700 பக்கம். முழுவதையும் படித்து முடித்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. நாம் தேடுவது, சொடுக்குவது, நிற்பது, நடப்பது எல்லாம் கச்சாப் பொருளாகி, அடுத்து என்ன செய்வோம் என்ற கணிப்பாக விற்கப்படுகிறது என்பது மையக் கருத்து. ஓர்வெலின் ‘பெரிய அண்ணன்’ மாதிரியான ஆள் இதற்குத் தேவையில்லை, இந்த அதிகாரத்துக்கு உங்கள் ஆன்மா வேண்டாம், நடத்தை போதும் என்று அவரே பிரித்துக் காட்டுகிறார். ஆகவே ‘1984’க்கு சுபோஃபைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என் பதில்: அவரே வேண்டாம் என்று சொன்ன இடத்தில் அவரைப் போய் நிறுத்தாதீர்கள்.

டேவ் எகர்ஸின் 2013ஆம் ஆண்டு நாவல் ‘த சேர்க்கிள்’ இருந்தால் நேரே இவரிடம் போகலாம். அதில் மே என்ற இளம்பெண் ஒரு பெரிய இணையக் கம்பனியில் சேர்கிறாள். வாடிக்கையாளர் தரும் புள்ளி, சக ஊழியரிடையே தரவரிசை என்று ஒவ்வொரு எண்ணையும் அவளே துரத்துகிறாள். கடைசியில் கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வதும் அவளேதான். யாரும் அவளை மிரட்டவில்லை.

இங்கிருந்து பார்க்கும்போது குறை எங்கே? 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது பேஸ்புக்கில் வெறுப்புப் பதிவுகள் ஓடின. அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்து பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் சில நாள் முடக்கியது. தன் தளம் அப்போது தவறாகப் பயன்பட்டதற்கு 2020இல் அந்தக் கம்பனி வருத்தம் தெரிவித்தது. கம்பனி ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம், நடுவில் ஆட்கள். சுபோஃபின் படத்தில் கம்பனி பெரிதாகத் தெரியும், அரசு மங்கலாகத் தெரியும். நாங்கள் இருப்பது அரசு மங்கலாகத் தெரியும் நாட்டில் இல்லை. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு சொல்லவே வேண்டாம்.

## ஆரெண்ட்: பத்திரம் இல்லாத ஆள்

கண்காணிப்புக் கோட்பாடு என்று பட்டியல் போடுகிறவர்கள் ஹன்னா ஆரெண்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. 1951இல் வந்த தன் நூலில் நாடற்றவர்களைப் பற்றி அவர் சொன்னது: மனித உரிமை என்று எல்லோரும் பேசுகிற ஒன்று, ஒரு நாட்டின் குடிமகனாக இல்லாதவனுக்குக் கைக்கு எட்டுவதில்லை. முதலில் வேண்டியது உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை.

பார்க்கப்படுவதை விடப் பயங்கரமான ஒன்று உண்டு: பதிவேட்டில் இல்லாமல் போவது. வின்ஸ்டனின் அலுவலக வேலையே அதுதான். விதர்ஸ் என்ற ஆள் ஆளும் கட்சியின் வெறுப்புக்கு ஆளாகிறான். பழைய பத்திரிகையில் அவனைப் பாராட்டிய செய்தியை வின்ஸ்டன் அழிக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஓகில்வி என்று இல்லாத ஒரு வீரனைக் கற்பனை செய்து எழுதி வைக்கிறான். இருந்தவன் இல்லாமல் போகிறான், இல்லாதவன் வரலாறாகிறான். தொலைத்திரையைப் பற்றி எழுதுகிற பத்துப் பேரில் ஒருவர்கூட இந்த மேசைக்கு வருவதில்லை.

நமக்கு இந்த மேசை பழக்கமானது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலை உறுப்பினர் சி.வி. வேலுப்பிள்ளை, நமக்கு எழுத்தாளராகவும் தெரிந்தவர். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, திருமணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 975,000 பேர் கணக்கில் வந்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எஞ்சியவர்களுக்கான சட்டம் 2003 வரை இழுத்தது. இந்த வரலாற்றை வீட்டில் கேட்டு வளர்ந்த வாசகருக்கு விதர்ஸ் வெறும் துணைப் பாத்திரமாகத் தெரிய மாட்டான்.

செலவு: ஆரெண்ட் எழுதியது முழுமையாதிக்க அரசுகளைப் பற்றி. அதை எடுத்து எல்லா அநியாயத்துக்கும் ஒட்டினால் வாதம் வீங்கிவிடும். நாவலில் குடியுரிமை, பட்டியல், நாடு கடத்தல் என்று ஏதாவது நேரடியாக இருந்தால் மட்டும் இவரை எடுங்கள்.

## கிராம்சி, அல்துசர், பிரவுன்: சுருக்கமாக

ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ என்றால் கண்காணிப்புக் கோட்பாடுகள் பாதி வழியில் நின்றுவிடும். அங்கே மக்களைத் துரத்திப் பார்க்கத் தேவையே இல்லை. பேட்டா என்ற இரண்டாம் தட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலேயே, நான் பேட்டாவாகப் பிறந்தது எவ்வளவு நல்லது என்று ஓதி வளர்க்கிறார்கள். ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தைப் பற்றி எழுதிய இத்தாலிய மார்க்சியர் கிராம்சியும், ‘ஏய் நீ’ என்று கூப்பிட்டதும் திரும்புகிற கணத்தில் ஆள் அதிகாரத்தின் பிரஜையாகிறான் என்று 1970இல் எழுதிய அல்துசரும் இங்கே பொருத்தம். ஆபத்து ஒன்றுதான்: இந்த வழியில் எழுதுகிறவர், உலகத்தில் தான் ஒருவர்தான் ஏமாறாதவர் என்ற தொனிக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்.

சிமோன் பிரவுன் 2015இல் எழுதிய நூல், கண்காணிப்பின் வேரை அடிமை முறையில் தேடுகிறது. 18ஆம் நூற்றாண்டு நியூயோர்க்கில் கறுப்பு அடிமைகள் இருட்டிய பிறகு விளக்கோடுதான் நடமாட வேண்டும் என்று இருந்த சட்டம் அவருடைய முக்கிய உதாரணங்களில் ஒன்று. தோட்ட எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த நூல் ஃபூக்கோவை விடச் சீக்கிரம் பிடிபடும். ஆனாலும் அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றில்லை. ஒப்பிடுங்கள், சமமாக்காதீர்கள்.

## ஸ்கொட்: துரைக்குக் கேட்காத பேச்சு

என் கை சாய்வது இந்தப் பக்கம்தான். ஜேம்ஸ் ஸ்கொட் மலேசியாவின் கெடா மாநிலத்து நெல் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து 1985இல் ஒரு நூலும், அதை விரித்து 1990இல் இன்னொரு நூலும் எழுதினார். அதிகாரத்தின் முன்னால் பேசும் பேச்சு ஒன்று, அதன் முதுகுக்குப் பின்னால் பேசும் பேச்சு இன்னொன்று. முன்னால் “சரிங்க தொரே”. துரை வளைவில் மறைந்ததும் மலையில் நிற்கும் பெண்கள் அவருடைய நடையை நடித்துக் காட்டுவார்கள், அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அங்கேதான் புழங்கும். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கிண்டல் செய்யும் நாட்டார் பாடல்கள் மலையகத்தில் எத்தனை! சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தவற்றைப் புரட்டினாலே தெரியும். கூடையின் அடியில் கொஞ்சம் முற்றிய இலையைத் தள்ளுவதும் ஒரு பேச்சுத்தான்.

மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு, பார்க்கப்படுகிறவரின் மனம் என்ற கேள்விக்கு, முழுப் பதில் சொல்பவர் இவர் ஒருவரே. மற்றவர்கள் பார்ப்பவனைப் பற்றியே எழுதுகிறார்கள். அட்வுட்டில், பிள்ளை பெறுவதற்கென்றே வைத்திருக்கும் சேவகிப் பெண்கள் கடைக்குச் சோடி சோடியாகப் போக வேண்டும், ஒருத்தி மற்றவளுக்கு உளவு. ஃபூக்கோவோடு வாசித்தால் அது கச்சிதமான பரஸ்பரக் கண்காணிப்பு, அத்தோடு முடிந்தது. ஸ்கொட்டோடு வாசித்தால் அந்தச் சோடி நடை வழியாகத்தான் இரகசிய இயக்கத்தின் சேதி வருகிறது என்பது தெரியும். காவலுக்குப் போட்ட ஏற்பாடே தபால் வழியாகிறது. அலுமாரிக்குள் முன்பு இருந்தவள் கீறிவிட்டுப் போன வரியும் அப்படித்தான். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம் வாழும் லயக் காம்பராவில், யார் வீட்டில் என்ன பேச்சு என்பது எல்லோருக்கும் கேட்கும். கோள் போவதும் அந்தச் சுவர் வழியாக, துரையின் ஆள் வருகிறான் என்ற எச்சரிக்கை போவதும் அதே சுவர் வழியாக.

‘1984’இல் ஸ்கொட் தோற்பார். அந்தத் தோல்வியும் பயனுள்ளதுதான். முகத்தில் தவறான பாவனை வந்தாலே குற்றம் என்ற நாட்டில் முதுகுக்குப் பின்னால் என்று ஓர் இடமே கிடையாது. வின்ஸ்டனும் ஜூலியாவும் வாடகைக்கு எடுத்த மாடி அறையை அப்படி ஓர் இடம் என்று நம்பினார்கள், சுவர்ப் படத்துக்குப் பின்னால் தொலைத்திரை இருந்தது. ஓர்வெலின் பயம் எதைப் பற்றியது என்பதை இந்த இடத்தில் ஸ்கொட் துல்லியமாகக் காட்டிக் கொடுக்கிறார். அதே அறையின் ஜன்னலுக்குக் கீழே பாடிக்கொண்டே உடுப்புக் காயப்போடும் பெண்ணையும் மறந்துவிட வேண்டாம். கட்சியின் இயந்திரம் தயாரித்த மட்டமான பாட்டு அது, அவள் பாடினால் கேட்க நன்றாக இருக்கிறது. அடித்தட்டு மக்களைக் கட்சி சரியாகக் கண்காணிப்பதே இல்லை. வின்ஸ்டன் அவள் பாட்டைக் கேட்கிறான், அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு தடவையும் போய்க் கேட்கவில்லை. ஓர்வெலும் கேட்கவில்லை. மலையில் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவர் எழுத வேண்டிய கட்டுரை இங்கே காத்திருக்கிறது.

ஸ்கொட்டுக்கும் செலவு உண்டு. முணுமுணுப்பை எல்லாம் போராட்டம் என்று கொண்டாடத் தோன்றும். பட்டப்பெயர் வைத்ததால் சம்பளம் கூடவில்லை. கோ. நடேசய்யர் 1931இல் தொழிற்சங்கம் தொடங்கியதும், 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானதும் வெளிச்சத்தில் நடந்தவை. இரகசியப் பேச்சு எப்போது வெளிப்பேச்சாக மாறுகிறது என்ற கேள்வியை நாவலிடமும் கேட்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| யார் | அதிகாரம் இருக்கும் இடம் | கைவிடுவது | நன்றாகப் பொருந்துவது | சுமை |
|---|---|---|---|---|
| ஃபூக்கோ | பார்வை, அளவு, அட்டவணை | தடி, சித்திரவதை | ‘நாம்’, ‘1984’ முதற்பாகம் | நடுத்தரம், இரண்டு அத்தியாயம் போதும் |
| டெலூஸ் | கடவுச்சொல், கடன் | ஏழையின் கடன் | ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ | குறைவு, ஆனால் ஃபூக்கோ வேண்டும் |
| சுபோஃப் | தரவு, கணிப்பு | அரசு | ‘த சேர்க்கிள்’ | மிக அதிகம் |
| ஆரெண்ட் | பதிவேடு, குடியுரிமை | அன்றாடக் கண்காணிப்பு | ‘1984’ அலுவலகக் காட்சிகள் | அதிகம், நாடற்றோர் பகுதி மட்டும் போதும் |
| கிராம்சி, அல்துசர் | சம்மதம் | எதிர்ப்பு | ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ | நடுத்தரம் |
| ஸ்கொட் | முன்பேச்சும் பின்பேச்சும் | பகிரங்கப் போராட்டம் | ‘ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’, ‘1984’இன் மாடி அறை | குறைவு, வாசிக்க இலகு |

## யாருக்கு எது

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் ஃபூக்கோவை எடுங்கள், கோபுரத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு உடற்பயிற்சிக் காட்சிக்குப் போய்விடுங்கள். பட்டப்படிப்பின் கடைசி வருட ஆய்வு என்றால் இரண்டு பேரைச் சோடி சேர்ப்பது நல்லது. ஒருவர் பார்ப்பவனுக்கு, ஒருவர் பார்க்கப்படுகிறவருக்கு. ஃபூக்கோவும் ஸ்கொட்டும் சேர்ந்தால் சண்டை பிடிப்பார்கள், அந்தச் சண்டையே உங்கள் இரண்டாம் அத்தியாயம். மூன்று கோட்பாட்டுக்கு மேல் போனால் நாவல் காணாமல் போய்விடும்.

வாசகர் வட்டத்துக்கு டெலூஸும் வேண்டாம், சுபோஃபும் வேண்டாம். அட்வுட்டின் நாவலை வைத்துக்கொண்டு, சோடியாகப் போகும் அந்தப் பெண்களில் யார் யாருக்குக் கோள் சொல்வார்கள், ஏன் என்று மட்டும் கேளுங்கள். லயத்தில் வளர்ந்தவர்கள் இருந்தால் கூட்டம் நேரத்துக்கு முடியாது.

ஏ.எல். வகுப்புக்கு எடுக்கிற ஆசிரியர்கள் கோட்பாட்டாளர் பெயரே சொல்லாமல் தராசு உதாரணத்தோடு தொடங்கலாம். பெயர் பிறகு வரட்டும். ஆரெண்டை மட்டும் அவசரமாகத் தொட வேண்டாம். 1948, 1964 பற்றி வகுப்பில் கொஞ்சம் பேசிய பிறகு எடுத்தால்தான் பிடிபடும், அதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்க வேண்டிவரும். திகன பற்றிப் பேசுவதானால், வகுப்பில் இருக்கும் முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளையும் நினைவில் வைத்துப் பேசுங்கள்.

இன்னும் நாவலையே தெரிவு செய்யவில்லை, கோட்பாட்டை மட்டும் பிடித்துவிட்டேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் நாவலை வாசித்துவிட்டு வரட்டும்.